கட்டிவைத்த கம்பி

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். அம்மாவின் முழங்காலுக்குக் கொடுத்தனுப்பிய தைலத்தை அவள் தடவிக்கொள்கிறாளா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாளா என்று நீயே கண்ணால் பார்த்து எழுது. அவளைக் கேட்டால் பொய் சொல்வாள்.

போனை எடுத்துப் பேசாமல் இது என்ன கடிதம் என்று உனக்குத் தோன்றும். போன மாதம் போனில் பேசியதை யோசித்துப் பார். நீ கத்தினாய், நான் கத்தினேன், அம்மா நடுவில் புகுந்து இருவரையும் திட்டினாள், எதற்காகக் கூப்பிட்டேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. கடிதம் என்றால் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். நம் இருவருக்கும் அதுதான் சரிப்படும்.

விஷயம் இதுதான். எங்கள் பெண் தொழிலாளர் சங்கத்துக்கு மானியம் கிடைத்துவிட்டது. லாண்டரிகளில் காண்ட்ராக்டில் வேலை செய்யும் பெண்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பதற்கான மானியம். எங்கிருந்தோ பிழைக்க வந்து, நாளைக்கு வராதே என்று சொன்னால் கேள்வி கேட்க ஆளில்லாமல் நிற்கிறார்களே, அவர்களுக்காகவே ஒதுக்கிய நிதி. விண்ணப்பத்தை எழுதி எழுதி என் கண் பூத்துப் போயிற்று. கிடைத்ததும் நாங்கள் சங்க அறையில் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு டெய்லர் ஏதோ விபரீதம் என்று கத்திரிக்கோலோடு ஓடி வந்துவிட்டார்.

நிபந்தனைகள் உண்டு. பயிற்சி வேலை நடக்கும் இடத்திலேயே, மெஷின் பக்கத்திலேயே நடக்க வேண்டும். வேலை நேரத்தில் நடக்க வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. இதற்கெல்லாம் சம்மதம் என்று உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும். மார்ச் முடிவதற்குள் நடக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். மற்றவர்களுக்கு இந்த நிபந்தனைகள் கசக்கின்றன. எனக்கு இந்த நிதியில் பிடித்ததே இவைதான்.

நம் பக்கத்து லாண்டரிகளில் எல்லாம் ஏறி இறங்கிவிட்டேன். நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "மொதல்ல உங்க தம்பி போடட்டும்மா. அவருதானே எங்க முதலாளிங்க சங்கத் தலைவர். அவர் போட்டா நாங்களும் போட்டுடுறோம்." ஆக எல்லாருடைய டீயும் உன் தலையில்தான் வந்து விடிந்திருக்கிறது.

அப்பா லாண்டரியை இருவர் பெயரிலும் எழுதி வைத்தார். உரிமத்தில் என் பெயரும் இருக்கிறது, சட்டப்படி நானே போட்டுக்கொள்ளலாம் என்று நிதி அலுவலகத்து அதிகாரிப் பெண் சொன்னாள். எனக்கு அது வேண்டாம். அதை நடத்துகிறவன் நீ. உன் கையெழுத்தோடு, முன்வாசல் வழியாக வர ஆசைப்படுகிறேன். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு மேஜைக் கண்ணாடியின் கீழ் ஒளித்து வைக்காதே.

உன் ஆசை அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மானியம் வாங்கியதற்கு மனதாரப் பாராட்டுகிறேன். நீ பிடித்தால் விடமாட்டாய் என்று எனக்குத் தெரியாதா? தைலம் பாதி தீர்ந்திருக்கிறது. அம்மா தடவுகிறாளா, சமையற்கார அம்மாவுக்குத் தானம் செய்கிறாளா என்பதைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை.

படிவத்தைப் படித்தேன். ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன், வேலை நேரத்தில் மெஷினை நிறுத்துவது என்பது நடக்காத காரியம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் காலையில் வந்து மாலையில் போயாக வேண்டும். ஒரு மதியம் தாமதமானால் அவர்கள் வேறு லாண்டரியைத் தேடிக்கொள்வார்கள். அப்புறம் நீ பயிற்சி கொடுக்க அங்கே பெண்களும் இருக்க மாட்டார்கள், லாண்டரியும் இருக்காது.

உன்னைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஒரு வழி யோசித்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருமுனை மண்டபத்தை நானே வாடகைக்கு எடுத்துத் தருகிறேன். சாப்பாடு என் செலவு. எல்லாருக்கும் புது கையுறை வாங்கித் தருகிறேன். நீ பேசு, போட்டோ எடு. படிவத்தில் 'வேலை நேரத்தில், வேலையிடத்தில்' என்று நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? உனக்கும் பணம் வரும், எனக்கும் வேலை கெடாது.

இன்னொன்று. உன் பாடத்திட்டத்தில் 'மெஷினை நிறுத்தும் உரிமை' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதை மட்டும் எடுத்துவிடு. நிறுத்தலாம் என்று சொல்லிக்கொடுத்தால் எதற்கெடுத்தாலும் நிறுத்துவார்கள். தவிர அந்தப் பெண்கள் காண்ட்ராக்டரின் ஆட்கள். நான் அவர்களுக்கு இடம் மட்டும்தான் கொடுக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாமல் யோசி. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் அன்புத் தம்பி


பிப்ரவரி 16

அன்புத் தம்பிக்கு,

கோபித்துக்கொள்ளாமல் யோசித்தேன். யோசித்த பிறகு கோபித்துக்கொண்டேன்.

உன் யோசனையை உன் அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். "சாப்பாடு போடுறானா? அப்ப நானும் வரேன்"னு சொல்லிவிட்டு அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நடக்காததை நடந்ததாகக் கையெழுத்துப் போடுகிறேன் என்று என் தம்பி எனக்கே எழுதுகிறான், அதுவும் உதவி என்ற பெயரில். யார் காதில் பூ சுற்றலாம் என்று பார்க்கிறாய்?

உன்னை நேரில் பார்த்துப் பேசிவிடலாம் என்று முந்தாநாள் லாண்டரிக்கு வந்தேன். நீ வெளியே போயிருந்தாய். சும்மா திரும்ப மனமில்லாமல் உள்ளே நடந்தேன். காவலாளி தடுக்கவில்லை, அவரைத் திட்டாதே. நம் கட்டடத்துக்குள் நான் நடப்பதற்கு அவர் என்ன செய்வார்?

உருளை மெஷின் பக்கத்தில் நின்றேன். அந்தச் சூட்டில் நீ எப்போதாவது நின்றிருக்கிறாயா? மேல்மாடி ஆபீஸ் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சூடு தெரியாது. ஈர விரிப்பை இரண்டு பெண்கள் நுனி பிடித்து உருளைக்குள் கொடுக்கிறார்கள், அது காய்ந்து இஸ்திரியாகி மறுபக்கம் வருகிறது. விரலுக்கும் கொதிக்கும் உருளைக்கும் நடுவில் குறுக்கே ஒரு கம்பி இருக்கிறதே, தடுப்புக் கம்பி, கை தெரியாமல் உள்ளே போனால் அதில் இடித்து மெஷின் நின்றுவிட வேண்டும், அந்தக் கம்பியைக் கிழிந்த விரிப்புத் துண்டால் மேலே தூக்கிக் கட்டியிருந்தது. இரண்டு மெஷினிலும்.

அங்கே வேலை செய்கிறாளே ஒருத்தி, எல்லாரும் வாயாடி என்று கூப்பிடுவார்கள், அவள் அன்றைக்குத்தான் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு வேலை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாள் தெரியுமா? "மொதல்ல இந்தக் கம்பியக் கட்டக் கத்துக்கோ. இது தெரியலன்னா இங்க ஒரு நாளு தாங்க மாட்ட." தடித்த ஓரம் இருக்கிற விரிப்பு ஒவ்வொன்றும் கம்பியில் இடிக்கும், மெஷின் நிற்கும், திரும்ப ஓட்டச் சாவிக்காக சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும், அவர் வாயில் வந்ததெல்லாம் சொல்வார், மாலையில் உருப்படி குறைந்தது என்று காண்ட்ராக்டர் கூலியில் கைவைப்பார். அதனால் கட்டிவிடுகிறார்கள். அவர்கள் கையைக் காப்பாற்ற வைத்த கம்பியை அவர்களே கட்டுகிறார்கள். புதிதாக வருகிறவளுக்கு முதல் பாடமே அதுதான்.

பயிற்சி வேண்டாம் என்கிறாயே, உன் லாண்டரியில் பயிற்சி தினமும் நடக்கிறது. நான் அதை மாற்றத்தான் கேட்கிறேன்.

எங்கள் சங்கத்தில் ஒருத்தி இருக்கிறாள். வேறு லாண்டரியில் உருளையில் கை போய், இரண்டு விரல் மடங்கியபடியே நின்றுவிட்டது. சீப்பைப் பிடிக்க முடியாமல் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டாள். அவள் வந்து சேர்ந்த பிறகுதான் இந்த மானியத்துக்கே எழுதினோம். மண்டபமும் கையுறையும் கொடுத்து என்னை அனுப்பிவிடாதே. உருளைப் பக்கம் கையுறை போட்டால் துணியோடு சேர்ந்து கையும் போகும் என்பதாவது உனக்குத் தெரியுமா?

நிறுத்தும் உரிமைதான் பாடம். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சாப்பாடுதான்.

அக்கா


பிப்ரவரி 26

அக்காவுக்கு,

நான் இல்லாத நேரத்தில் வேலைத்தளத்துக்குள் போய் வேலை செய்கிறவர்களிடம் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. அன்று முழுவதும் அங்கே வேலை ஓடவில்லை, குசுகுசுப்புதான் ஓடியது. சூப்பர்வைசர் என்னிடம் வந்து, "சார், அக்கா சொல்றத கேக்கணுமா, நீங்க சொல்றத கேக்கணுமா?" என்கிறார். என் ஆட்கள் முன்னால் எனக்கு இது தேவையா?

கம்பியை நான் கட்டச் சொன்னேனா? அவர்களாகக் கட்டிக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? எல்லா லாண்டரியிலும் கட்டித்தான் இருக்கிறது. நான் மட்டும் அவிழ்த்துவிட்டு ஓட்டினால் மற்றவர்கள் விலையைக் குறைத்து என் ஆஸ்பத்திரியைக் கொத்திக்கொண்டு போவார்கள். ஊழியர்களுக்குச் சம்பளம், வங்கித் தவணை, நீராவிக் கொதிகலனுக்கு உயிர் கொடுக்கிற செலவு, எல்லாம் யார் தலையில்? நீ வருடத்துக்கு ஒருமுறை வந்து உரிமப் புதுப்பிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவள்.

எங்கள் உரிமையாளர் சங்கமும் அதே நிதிக்கு எழுதப் போகிறது. போனில் பார்க்கிற படம், ஐந்தாறு கேள்வி, பதில் சொன்னால் சான்றிதழ். வேலை நிற்காது. அதற்கு ஓர் ஆலோசகர் வேண்டும், மாதச் சம்பளத்தோடு. உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். உன் மானியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இதற்கு வா. கௌரவமான வேலை, தெருத்தெருவாக ஏறி இறங்க வேண்டாம்.

காண்ட்ராக்டர் கொதித்துப் போயிருக்கிறார். சங்கப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கிறவர்களை இனிக் கூப்பிட மாட்டேன் என்று அவர்களிடமே சொல்லிவிட்டாராம். உன்னால் அவர்கள் வயிற்றில் அடி விழ வேண்டாம். அம்மாவும் வருத்தப்படுகிறாள். "ரெண்டு புள்ளைங்க, ரெண்டும் சண்டைக்கோழி"ன்னு சொல்லிச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

அம்மா சாப்பிடாமல் படுத்தது மதியம். நாலு மணிக்கு எழுந்து சாப்பிட்டாள் என்று அவளே எனக்குப் போனில் சொன்னாள். அவளை ஏன் இதற்குள் இழுக்கிறாய்?

ஆலோசகர் வேலைக்கு நன்றி. என்னை விலைக்கு வாங்கப் பார்க்கிற முதல் ஆள் என் சொந்தத் தம்பி என்று சங்கத்தில் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும், நம் உருளைப் பெண்களும் வந்திருந்த கூட்டத்தில் சொன்னேன். வாயாடி உடனே கேட்டாள்: "எவ்ளோ தரேன்னாரு?" நான் சொன்னேன். "பரவால்லக்கா, உங்களுக்கு நல்ல ரேட்டுதான்"னு சொல்லிவிட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தாள். அப்புறம் நான் அவர்களிடம் கேட்டேன், காண்ட்ராக்டர் மிரட்டியிருக்கிறாரே, என்ன செய்யலாம், விட்டுவிடலாமா என்று. புதிதாகச் சேர்ந்தவள்தான் முதலில் வாய் திறந்தாள். "கம்பி கட்ட மூணு நாள்ல கத்துக்கிட்டேன். அவுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

சரி, நான் சுற்றி வளைக்கவில்லை. படிவத்தில் நானே கையெழுத்துப் போடப் போகிறேன். உரிமையாளர் என்ற இடத்தில். அதிகாரிப் பெண் விதியைப் புரட்டிப் பார்த்து, "எந்த உரிமையாளர்னு இதுல போடல, நீங்க போட்டா செல்லும்"னு சொன்னாள். மார்ச் பதினெட்டாம் தேதி புதன்கிழமை மதியம் பயிற்சி. அன்றைக்குக் கூலி பிடிக்கக் கூடாது என்று காண்ட்ராக்டருக்கும் உரிமையாளராக எழுதியிருக்கிறேன். ஆஸ்பத்திரி விரிப்பு தாமதமாகாமல் இருக்க, காலையில் முன்னதாக வந்து முடித்துத் தருவதாகப் பெண்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நீ அவர்களைப் பற்றி நினைப்பதைவிட அவர்கள் உன் தொழிலைப் பற்றி அதிகம் நினைக்கிறார்கள்.

உன் முதுகுக்குப் பின்னால் செய்யக் கூடாது என்றுதான் முன்னாலேயே எழுதுகிறேன். நீ என்னை வருடத்துக்கு ஒரு கையெழுத்து என்றாய். இந்த வருடம் அதை எதற்குப் போடுகிறேன் என்று தெரிந்து போடுகிறேன். அந்த உருளையில் யாருடைய விரலாவது போனால் அதற்கு உன்னோடு சேர்த்து நானும் பதில் சொல்ல வேண்டியவள். பதில் சொல்ல வேண்டியவளுக்கு வாயைத் திறக்கும் உரிமையும் உண்டு.

பதினெட்டாம் தேதி நீயும் கீழே வந்து நில். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன் என்று நினைத்தாலும் சரி.

அக்கா


மார்ச் 5

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் அந்தக் கையெழுத்தைப் போட்டால் என் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம். அம்மாவைப் பார்க்க வேண்டுமானால் அவளை உங்கள் வீட்டுக்கு அழைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.


மார்ச் 21

தம்பிக்கு,

நீ என்னை 'நீங்கள்' என்று எழுதியதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். பிறந்ததிலிருந்து என்னை வாடி போடி என்று கூப்பிட்டு அம்மாவிடம் அடி வாங்கியவன் நீ. அந்த அடிக்கெல்லாம் வராத மரியாதை இப்போது வந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. அழுதுவிட்டுக் கையெழுத்தைப் போட்டேன்.

பயிற்சி நடந்தது. நீ கீழே வரவில்லை. மேலே கண்ணாடிக்குப் பின்னால் நின்றாய் என்று எனக்குத் தெரியும், உன் நீலச் சட்டை தெரிந்தது. அங்கிருந்து சத்தம் கேட்டிருக்காது என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

விரிப்பெல்லாம் மதியத்துக்குள் முடிந்து வண்டி ஏறிவிட்டது. அதிகாரிப் பெண் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வெந்நீர்க் குழாயில் கை வெந்தால் என்ன செய்வது, சலவை மருந்து டப்பாவில் இருக்கும் படங்களுக்கு என்ன அர்த்தம், எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக உருளைக்கு வந்தோம். புதிதாகச் சேர்ந்தவளைக் கூப்பிட்டு, கம்பியில் கட்டியிருந்த துணியை அவிழ்க்கச் சொன்னேன். எத்தனையோ நாள் தளரத் தளர இறுக்கிய முடிச்சு, அவளால் முடியவில்லை. வாயாடி பல்லால் கடித்து இழுத்தாள். கடைசியில் கத்திரிக்கோலால் வெட்டினோம். எல்லாரும் கைதட்டினார்கள்.

உருளையை ஓட்டச் சொன்னேன். பக்கத்தில் யார் கையும் இல்லை. "இப்போ வயித்தால கம்பிய இடி. நிக்கிறதப் பாரு"ன்னு வாயாடியிடம் சொன்னேன். அவள் இடித்தாள். உருளை சுற்றியது. இன்னும் ஓங்கி இடித்தாள். சுற்றிக்கொண்டே இருந்தது. நான் போய் இரண்டு கையாலும் கம்பியை அழுத்தினேன். நிற்கவில்லை, தம்பி. சுவரிலிருந்த மெயின் சுவிட்சுக்கு ஓடிப் போய் நான்தான் அணைத்தேன். அங்கே போய்ச் சேர்வதற்குள் உருளைக்குள் ஒரு முழு விரிப்பு போய் வந்துவிடும்.

அடுத்த மெஷினும் அப்படித்தான். மெக்கானிக் வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சுத்தூசி அடைத்து, சுவிட்ச் துருவேறி ஒட்டிக் கிடந்தது. எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? எப்போதும் கட்டியே வைத்திருந்தால் அது வேலை செய்கிறதா இல்லையா என்று யார் பார்த்தார்கள்? ஆபத்து என்றால் ஒரு இழுப்பில் அவிழ்த்துவிடலாம் என்ற தைரியத்தில் இத்தனை பேர் அதன் முன்னால் நின்றிருக்கிறார்கள். "சும்மா இருந்த கம்பிக்கா நாங்க பயந்து பயந்து கட்டினோம்?"னு வாயாடி கேட்டாள். அவள் சிரிக்காமல் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இரண்டு மெஷினையும் பூட்டிவைக்கச் சூப்பர்வைசரிடம் சாவி கேட்டேன். அவர் மேலே கண்ணாடியைப் பார்த்தார். "அங்க பாக்காதீங்க, நானும் முதலாளிதான்"னு சொன்னேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது எனக்கே வினோதமாக இருந்தது. அவர் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

உனக்குத் தெரியாது என்றுதான் நம்புகிறேன். தெரிந்திருந்தால் சொல்லாதே. அதை என்னால் தாங்க முடியாது.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. மேலே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ இரண்டு கையாலும் அழுத்துவதும், அது சுற்றுவதும், நீ ஓடுவதும் தெரிந்தது. நான் இறங்கி வரவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டு மெஷினுக்கும் புது சுவிட்ச் போட்டாயிற்று. நானே அழுத்திப் பார்த்தேன், நிற்கிறது. சாவி இனி மெஷின் பக்கத்திலேயே இருக்கும், சூப்பர்வைசர் பையில் இருக்காது. இதை மற்ற உரிமையாளர்களிடம் சொன்னேன். தலைவராக இருந்துகொண்டே அவர்களை மாட்டிவிட்டேன் என்று எனக்குத் தினமும் போனில் வசை. வாங்கிக்கொள்கிறேன்.

நான் கோபத்தில் எழுதியதை மறந்துவிடு. அம்மா உன் பக்கம்தான். "என் பொண்ணு வராத வீட்ல எனக்கென்ன வேல?"ன்னு பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறாள், அவிழ்க்க மாட்டேன் என்கிறாள்.

இதோடு நாம் ஒரு முடிவுக்கு வருவோம், அக்கா. தொழிலும் உறவும் ஒன்றாக இருப்பதால்தான் இவ்வளவு வம்பு. உன் பங்கை நான் வாங்கிக்கொள்கிறேன். பத்திரம் தயாராக இருக்கிறது, விலை வெளியாள் யாரும் கொடுக்காத விலை. அந்தப் பணத்தில் உன் சங்கம் மூன்று வருடம் எந்த நிதியிடமும் கையேந்தாமல் பயிற்சி நடத்தலாம். வருடத்துக்கு ஒருமுறை நம் லாண்டரியிலும் நடத்து, என் கையெழுத்தோடு. உன் பெயரை உரிமத்திலிருந்து எடுத்துவிட்டால் மறுநாளே நீ எனக்குப் பழைய அக்கா. வீட்டுக்கு வா, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

காண்ட்ராக்டர் இரண்டு பெண்களை மட்டும் இனிக் கூப்பிடுவதில்லை என்று சொல்கிறார். அந்த வாயாடியையும் புதிதாகச் சேர்ந்தவளையும். அது அவர் விஷயம், நான் தலையிட முடியாது. அதை வைத்து இதைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் தம்பி


ஏப்ரல் 6

என் அன்புத் தம்பிக்கு,

நீ 'நீ' என்று எழுதியதைப் பார்த்ததும் பாதிக் கோபம் போய்விட்டது. சுவிட்ச் போட்டதற்கும், சாவியை வெளியே வைத்ததற்கும், வசை வாங்கியதற்கும் உன்னை நேரில் பார்த்தால் கட்டிப்பிடித்துக்கொள்வேன். மற்றவர்களிடம் நீயாகப் போய்ச் சொன்னாய் பார், அதில் நான் கரைந்துவிட்டேன். அத்தானிடமும் வாசித்துக் காட்டினேன். "ரெண்டு பேரும் ஒரே அச்சுல வார்த்தது"ன்னார். பாராட்டா திட்டா என்று கேட்கவில்லை.

உன் விலையை நினைத்துப் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். மூன்று வருடம் விண்ணப்பம் எழுத வேண்டாம், அதிகாரிகள் வாசலில் காத்திருக்க வேண்டாம். அதோடு உன் வீட்டுச் சோறு, அம்மா, பேச்சு, எல்லாம். ஒரு ராத்திரி முழுக்க மனதுக்குள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுப் போட்டு அழித்தேன்.

பங்கை விற்க மாட்டேன், தம்பி.

அந்தப் பணத்தை வைத்து வாசலுக்கு வெளியே எவ்வளவு பயிற்சி வேண்டுமானாலும் கொடுக்கலாம். உள்ளே போய் மெஷினை அணைக்க முடியாது. சூப்பர்வைசர் எனக்குச் சாவியைக் கொடுத்தது நான் நன்றாகப் பேசினேன் என்பதற்காக இல்லை, என் பெயர் உரிமத்தில் இருக்கிறது என்பதற்காக. பெயரை எடுத்துவிட்டால் வருடத்துக்கு ஒருநாள் உன் தயவில் வந்து போகிற விருந்தாளி நான். இந்த வருடம் உன் மனம் இளகியிருக்கிறது. ஆஸ்பத்திரி விலையைக் குறைக்கச் சொல்லும்போது எப்படி இருக்குமோ? உன்னை நம்பாமல் சொல்லவில்லை. நானே அந்த ஆபீஸில் உட்கார்ந்தால் எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

காண்ட்ராக்டர் விஷயம் அவர் விஷயம் என்கிறாய். இல்லை. நம் மெஷின், நம் கட்டடம், நம் பெயர். அந்த இரண்டு பெண்களும் வெளியே நிற்பது என் கையெழுத்தை நம்பி. கையெழுத்துப் போட்டபோது முதலாளி, அவர்கள் வேலை போனபோது விருந்தாளி என்றால் என்னை அவர்கள் காறித் துப்பினாலும் தகும்.

உரிமையாளராக இரண்டு முடிவு எடுத்திருக்கிறேன், காண்ட்ராக்டருக்கும் எழுதிவிட்டேன். அந்த இருவரும் அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வருகிறார்கள். அவருக்கு வேண்டாமென்றால் நாம் நேராக வைத்துக்கொள்கிறோம். கம்பியில் இடித்து மெஷின் நின்ற நேரத்துக்கு யார் கூலியிலும் கைவைக்கக் கூடாது. கைவைத்தால் திரும்பவும் துணி கிழிப்பார்கள், திரும்பவும் கட்டுவார்கள், நீ போட்ட புது சுவிட்சும் பஞ்சடைத்துச் சாகும். உனக்கு ஒப்புதல் இல்லை என்றால் எதிர்த்து எழுது, வக்கீலை வை, கணக்கைக் காட்டு. சண்டை போட நான் தயார். வீட்டை விட்டுத் தள்ளுகிற சண்டை மட்டும் வேண்டாம். அதை ஒருமுறை போட்டாய், எனக்கு இன்னும் வலிக்கிறது.

உன் கணக்குகளையும் நான் பார்க்க வேண்டும். நஷ்டம் என்றால் அதிலும் பாதி எனது. அதற்கும் நான் ஓடிப்போக மாட்டேன்.

அம்மாவைப் பெட்டியை அவிழ்க்கச் சொல். நான் வீட்டுக்கு வருவேன், ஆனால் பெயரை விற்றுவிட்டு வர மாட்டேன். பெயரோடு வருகிற அக்காவுக்கு உன் வீட்டில் இடம் உண்டா என்று நீதான் சொல்ல வேண்டும். இல்லை என்றால் அதையும் தாங்கிக்கொள்வேன்.

வீட்டைப் பற்றி நீ யோசித்துக்கொண்டிரு. லாண்டரியைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. திங்கட்கிழமை காலை வேலை தொடங்கும் நேரத்துக்கு அந்த இரண்டு பெண்களோடு நானும் வருகிறேன். தினமும் வருவேன். ஆபீஸில் எனக்கு ஒரு நாற்காலி போடு. போடாவிட்டால் உருளை பக்கத்தில் நிற்கிறேன்.

உன் அக்கா